பூசாத வீட்டுச் சுரைக்கொடி

ஆலங்குடியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் எங்கள் வீடு, முன்னால் நின்று பார்த்தால் முடிந்த வீடுதான். வெள்ளையடித்து, சாமியார் வந்து மந்திரித்து, வாசல் நிலைக்கு மேலே சிலுவையும் மாட்டியாகிவிட்டது. பின்னால் போனால்தான் வண்டவாளம் தெரியும். பூசாத செங்கல் சுவர், கைப்பிடி இல்லாத மாடிப்படி, மேல்மாடிக்கென்று விட்டுவைத்த தூண் கம்பிகள் துருவேறி நிற்கும். கொல்லைக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. தரையெல்லாம் ஜல்லியும் உடைந்த கல்லும் தண்ணீர் பட்டு இறுகிப்போன சிமென்ட் மூட்டைகளும். சிங்கப்பூரில் ஊரான் வீட்டையெல்லாம் கட்டிக் கொடுத்த கொத்தனார் என் வீட்டுக்காரர். அவருடைய வீடுதான் இந்த லட்சணத்தில் நின்றுபோனது.

சிறுநீரகம் இரண்டும் பழுது என்று அவரை அங்கிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாரத்தில் இரண்டு நாள் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறி டயாலிசிஸ் செய்துகொண்டு வர வேண்டும். மற்ற நாளெல்லாம் நான் அங்கன்வாடியில் ஊர்ப் பிள்ளைகளை மேய்த்துவிட்டு வந்து, உப்பில்லாமல் ஒரு சமையல், உப்போடு ஒரு சமையல் செய்ய வேண்டும். அவர் குடிக்கிற தண்ணீர்கூட அளவுதான். காலையில் ஒரு பாட்டிலில் ஊற்றி வைப்பேன், பொழுது சாயும்வரை அதற்குள் ஒப்பேற்ற வேண்டும். ஈஸ்டர் பாஸ்கு முடிந்த மறுவாரம் ஒருநாள் கட்டிலில் படுத்தபடியே சொன்னார், "போதும். இனிமே அங்கிட்டு வரல. என்னைய விட்ரு."

விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த வாரம் ஒரு தடவை போகாமல் இருந்ததற்கே முகமும் காலும் வீங்கி மூச்சு இரைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கெஞ்சி, திட்டி, அழுதுதான் பஸ் ஏற்றினேன். ஏறும்போதெல்லாம் இதுதான் கடைசி என்பார். பார்க்க வந்த அவருடைய அக்கா, வீடு குறையாக நிற்பதால்தான் உடம்புக்கு இப்படி வருகிறது, சட்டுபுட்டென்று பின்பக்கத்தைப் பூசிவிடு என்று புத்தி சொல்லிவிட்டுப் போனார். வந்தவர் ஒரு சட்டி கலவையையும் கையோடு கொண்டுவந்திருக்கலாம்.

அந்த எரிச்சலில்தான் மண்வெட்டியை எடுத்தேன். வீட்டை முடிக்கத் தெம்பில்லை, கொல்லையையாவது ஒரு வழிக்குக் கொண்டுவருவோம் என்று. சுரைக்காய், புடலங்காய் எல்லாம் அவர் சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அரிசிக் கஞ்சியைக்கூட ஒதுக்குகிற மனுஷன், நம் வீட்டுக் காய் என்றால் நாலு வாய் சாப்பிட மாட்டாரா என்று ஒரு நப்பாசை. முதலில் கொத்திய இடம் கலவை போட்ட இடம். மண்வெட்டி ணங்கென்று திரும்பி வந்தது. அதைப் பெயர்த்து, கறம்பக்குடி சந்தையிலிருந்து கத்தரி நாற்றும் சுரை விதையும் வாங்கி வந்து வைத்து, முள் வெட்டி அடைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் அடுத்த வீட்டுக்காரியின் ஆடுகள் முள்ளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் மொட்டையடித்துவிட்டன. அவளைக் கேட்டால், ஆட்டுக்கு என்ன தெரியும் என்கிறாள். நான் படியில் உட்கார்ந்து அழுதேன். கத்தரிக்காகவா அழுதேன்?

படிக்கட்டு ஓரத்தில் ஒரே ஒரு சுரைக்கொடி மட்டும் தப்பியிருந்தது. ஒருநாள் வேலை விட்டு வந்து பார்த்தால் கட்டில் காலியாகக் கிடக்கிறது. பதறிக்கொண்டு பின்னால் ஓடினேன். அவர் படியில் நின்று, கொடியின் நுனியைப் பிடித்துத் தூண் கம்பியில் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார். கட்டு வேலைக்குத் தண்ணீர் பிடித்த பழைய தொட்டியிலிருந்து செம்பில் மொண்டு வேரில் ஊற்றினார். மண் உறிஞ்சுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீயாச்சும் குடி" என்றார். நான் சத்தம் போடாமல் உள்ளே வந்துவிட்டேன்.

அதிலிருந்து தினமும் காலையில் எழுந்து கொல்லைக்குப் போனார். பூ விட்டது, பிஞ்சு விட்டது, ஒரு காய் கம்பியில் தொங்கியது. நகம் பதியும் பதத்துக்கு வந்ததும், சனிக்கிழமை கத்தியோடு போனேன். அவர் குறுக்கே நின்றார். முதல் காய் மாதா கோயிலுக்கு என்றார்.

எங்கள் ஊர் வழக்கம் அது. தோட்டத்தில் முதலில் காய்த்ததை, கோழி இட்ட முதல் முட்டையை, பீடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். பூசை முடிந்ததும் வாசலில் ஏலம் விடுவார்கள். எனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அன்றைக்கு வாய் அடங்கவில்லை. மாதாவுக்கு என்ன பத்தியச் சாப்பாடா, அவங்களுக்கு ஆயிரம் வீட்டுக் காய் வரும், நமக்கு இருப்பது இது ஒன்றுதான் என்று கத்தினேன். அவர் கத்தியை வாங்கி, காம்போடு அறுத்து, துண்டில் சுற்றி வைத்துவிட்டார்.

ஞாயிறு அன்று நோய் வந்தபின் முதல் தடவையாகக் கோயிலுக்கு நடந்தே வந்தார். வழியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான், ஆனால் காயை என் கையில் தரவில்லை. ஏலத்தில் அதைத் தூக்கிக் காட்டியபோது, நாமே கேட்டு வாங்கிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். கையை அமுக்கினார். கொடுத்தவர்களே திருப்பிக் கேட்பது மரியாதை இல்லையாம். கடைசியில் அதை எடுத்தது யார் என்றால் அடுத்த வீட்டுக்காரி. செடியை ஆடு தின்றது, காயை ஆட்டுக்காரி தின்னப்போகிறாள்.

திங்கட்கிழமை டயாலிசிஸ் நாள். விடிந்ததும் வழக்கம்போலக் கெஞ்சுவதற்கு மனதைத் திடப்படுத்திக்கொண்டு எழுந்தேன். அலுப்பாக இருந்தது, சத்தியமாக அலுப்பாக இருந்தது. அவர் கொல்லையில் நின்று என்னைக் கூப்பிட்டார். போனேன். மேலே இலையை விலக்கிக் காட்டினார். விரல் நீளத்துக்கு ஒரு பிஞ்சு, நுனியில் பூ இன்னும் உதிரவில்லை.

"மொதக் காயத்தான் குடுத்தாச்சுல்ல. இது நம்ம திங்கிறதுக்கு. இன்னும் ஒரு வாரம் பத்து நாளாகும்" என்றார். "கெளம்பு, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

எனக்குச் சுருக்கென்றது. முதல் காயைக் கொடுக்கிறவர் அடுத்த காய்க்கு இருக்கப்போகிறவர். இருந்த ஒன்றை அன்றைக்கே சமைத்து ஊட்டிவிட வேண்டுமென்று துடித்தது நான்தான். பிழைக்க மாட்டார் என்று எப்போது முடிவு கட்டினேன், எனக்கே தெரியவில்லை. அவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி எனக்கு முன்னால் தெருவில் இறங்கி நடந்தார்.