ஸ்வெட்டர் அக்காவின் பெயரில்

அம்மா ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தாள். கீழ்த்தளத்தில், துணி வெளுக்கும் பிரிவுக்கும் பிணவறைக்கும் நடுவில் இருந்தது அவளுடைய சர்வர் அறை. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே நின்றால் ஏசிக் குளிரில் பல் கிட்டும். அதனால் வருடம் முழுக்க ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர். கழற்ற மறந்து அப்படியே பஸ் ஏறிவிடுவாள். காய்ச்சல்காரி என்று நினைத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் நகர்ந்து உட்காருவார்கள். கைகாலை நீட்டி உட்கார இடம் கிடைக்கிறதே, விடுவேனா என்பாள். மருத்துவமனையில் அவளுக்கு ஸ்வெட்டர் அக்கா என்றுதான் பெயர்.

பரிசோதனைக்கூடத்தில் ரத்த, சிறுநீர் முடிவுகளைத் தட்டச்சு செய்யத்தான் சேர்ந்தாள். கணினிகள் வந்ததும் தட்டச்சுக்காரர்களைக் குறைத்தார்கள். பிரிண்டரில் தாள் சிக்கினால் கையை விட்டு எடுக்கிற ஒரே ஆள் என்பதால் அம்மாவை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பிறகு சிக்கியதெல்லாம் அவள் தலையில் வந்து விழுந்தது. எனக்குப் பத்து வயதாக இருந்தபோது அப்பா ஒருநாள் சொல்லாமல் கிளம்பிப் போனார். கேட்டவர்களிடம் "லாக்-அவுட் பண்ணிட்டார்" என்பாள்.

நானும் இதே துறைக்குத்தான் வந்தேன், வேறு ஊரில், ஒரு பெரிய நிறுவனத்தில். எங்கள் தொலைபேசிப் பேச்சில் பாதி, தொழில் சண்டை. உன் கிளவுட் எவனோ வீட்டு மெஷின், என் கிளவுடை நான் கையால் தொடலாம் என்று பெருமையடித்துக்கொள்வாள். அது உண்மை. பல சர்வர்களைச் சேர்த்து ஒன்றாக ஓட்டுகிற ஒரு கிளவுடை, மருத்துவமனைக்கென்று தனியாக, அவள்தான் கட்டியிருந்தாள். மற்ற பிரிவுகள் கழித்துப்போட்ட சர்வர்கள், கடைசி நேரத்தில் கிடைத்த கொஞ்சம் புதியவை. பரிசோதனைக்கூட மென்பொருளைப் பழைய சர்வரிலிருந்து அதற்கு மாற்றுவது அவளுடைய கடைசி வேலை. பழைய சர்வரின் வட்டுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

மாற்றுவதற்குள் அவளே போய்விட்டாள். தலையில் ரத்தக்குழாய் வெடித்தது. அதே மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் இறந்தாள். கீழே கொண்டுவந்தபோது சர்வர் அறைக் கதவைத் தாண்டித்தான் தள்ளிக்கொண்டு போனார்கள்.

எல்லாம் முடிந்து, நான் வீட்டுச் சாவியோடு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது மருத்துவமனையின் கணினிப் பிரிவு மேலாளர் போனில் கூப்பிட்டார். முதலில் துக்கம் விசாரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். பரிசோதனைக்கூட மென்பொருளைக் கிளவுடில் நிறுவும் கருவி, அதுவும் ஒரு நிரல்தான், ஓட மறுக்கிறது. எத்தனை முறை தொடங்கினாலும் நின்றுவிடுகிறது. வெளியாட்களைக் கேட்டால் அமைப்பே கோளாறு என்கிறார்கள். மேலிடத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும்.

"உங்க அம்மா கடைசியில உடம்பு முடியாம இருந்தாங்க இல்லையா. எங்கயோ எதையோ கை தவறி அழிச்சுட்டாங்க போல. அப்படித்தான் எழுதவேண்டியிருக்கும்."

அம்மாவுக்குக் கடைசி நாள்வரை உடம்புக்கு ஒன்றுமில்லை. அன்று காலைகூட போனில் என்னோடு தொழில் சண்டை போட்டாள். நான் மருத்துவமனைக்குக் கிளம்பிப் போனேன்.

சர்வர் அறையில் பேட்டரி மாமா இருந்தார். மின்சாரம் போனால் சர்வர்களைத் தாங்கும் பேட்டரிகளைப் பார்த்துக்கொள்ள வந்தவர், அம்மாவுக்கு உதவியாளராகிவிட்டார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அவர் மாமா. நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மாவுடைய நாற்காலியை மட்டும் விட்டுவிட்டு வேறொன்றை.

கருவியை ஓட்டினேன். முதல் படியிலேயே அனுமதி இல்லை என்றது. காரணம் எளிது. கருவி அம்மாவின் அக்கவுண்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. இறந்தவரின் அக்கவுண்டை அலுவலகம் மூடிவிட்டது. வேண்டுமானால் அதைத் திறந்துவிடச் சொல்கிறேன் என்றார் மேலாளர், போனில். வேண்டாம், கருவிக்கென்று தனி அக்கவுண்ட் கொடுங்கள் என்றேன். உடனே ஒப்புதல் வந்தது. அம்மா அதையே இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். 'பார்க்கலாம்' என்றே இழுத்தடித்தார்கள் என்று என்னிடம் அலுத்துக்கொள்வாள்.

இரண்டாம் முறை கொஞ்சம் முன்னால் போய் நின்றது. பொருத்தமான இமேஜ் இல்லை என்றது.

இமேஜ் என்பது இயங்குதளத்தின் தயார் நகல். அதை எடுத்துத்தான் கருவி கிளவுடுக்குள் தன் முதல் சர்வரை எழுப்பும். எந்த இமேஜ் எங்கே இருக்கிறது என்று ஒரு சின்னக் கோப்பு அதற்குச் சொல்ல வேண்டும். பெரிய நிறுவனங்களின் கிளவுடுகளுக்கு அந்தக் கோப்பு தயாராகக் கிடைக்கும். சொந்தக் கிளவுடுக்கு நாமே எழுதி வைக்கவேண்டும். அம்மா எழுதி வைத்திருந்தாள், ஒரு பிழையில்லாமல். ஆனால் அது காட்டிய இமேஜ், இமேஜ்களைச் சேர்த்து வைக்கும் இடத்தில் இல்லை. அதே பெயரில் வேறொன்று இருந்தது, புது அடையாள எண்ணோடு. பழையதை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றிய யாரோ, கோப்பை மாற்றவில்லை. கோப்பு ஒன்று இருக்கிறதென்றே அந்த ஆளுக்குத் தெரிந்திருக்காது.

யார் எப்போது என்ன செய்தார்கள் என்று கணினி தானாக எழுதிவைக்கும் பதிவேடு, லாக். அதைத் திறந்தேன். இமேஜ் அழிக்கப்பட்டது. அழித்தவர், அம்மா.

மேலாளர் சொன்னது சரிதானோ என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகு தேதியைப் பார்த்தேன், அம்மா இறந்த மறுநாள். நேரத்தைப் பார்த்தேன். அந்த நேரத்தில் அம்மா வீட்டுக் கூடத்தில், என் முன்னால் படுக்கவைக்கப்பட்டிருந்தாள். அவள் கால் கட்டைவிரலை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பேட்டரி மாமா கேபிள் ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா, அம்மாவைக் கிடத்தியிருந்த அன்னைக்கு நீங்க சாயங்காலம்தானே வீட்டுக்கு வந்தீங்க?"

கை நின்றது. அவர் திரையைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை.

"மேனேஜர்கிட்ட லீவு கேட்டேம்மா. முடிச்சுட்டுப் போன்னார். பழசைத் தூக்கிட்டுப் புதுசைப் போடு, வெளியாளுங்க நாளைக்கு வராங்கன்னார். என் அக்கவுண்டுக்கு அனுமதி கிடையாது. அக்கா பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். அவசரத்துக்குன்னு அக்காதான் குடுத்து வச்சது."

"அம்மா பேரைத் தட்டும்போது ஒண்ணும் தோணலையா?"

"தோணுச்சு." கேபிளைக் கீழே வைத்தார். "தோணியும் தட்டினேன்."

அன்று அவர் தாமதமாக வந்ததும், வந்ததிலிருந்து யார் முகத்தையும் பார்க்காமல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே இருந்ததும் எனக்கு இப்போதுதான் புரிந்தது. ஆள் குறைப்புப் பேச்சு ஓடுகிறது, பெண் இப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள், மேலாளரிடம் சொல்லிவிடாதே என்று மெல்ல, கோர்வையில்லாமல் கேட்டார். நான் திரைப் பக்கம் திரும்பினேன்.

கோப்பில் புது எண்ணைப் போட்டேன். கருவியை மறுபடி ஓட்டினேன். முதல் சர்வர் எழுந்தது. ஒன்றன்பின் ஒன்றாக மற்றவை எழுந்தன. அம்மா கட்டியதில் ஒரு கோளாறும் இல்லை. அவள் இருந்திருந்தால் அதைச் சொல்ல அவளைத்தான் போனில் கூப்பிட்டிருப்பேன்.

மேலாளர் இறங்கி வந்தார். திரையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். என்ன காரணம் என்று கேட்டார். லாக்கைக் காட்டினேன். தேதியைத் தொட்டுக் காட்டினேன். அவருக்கு எல்லாம் புரிந்தது என்பது அவர் பேட்டரி மாமா பக்கம் திரும்பாததிலேயே தெரிந்தது. அன்று வேலையைக் கொடுத்தவர் அவர்தானே.

குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தப்பு போனவங்க பேர்ல இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன நஷ்டம்? இருக்கிறவங்க பிழைக்கணும்."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"எனக்கு நஷ்டம் சார். இமேஜ் அழிஞ்ச நாளை எழுதுங்க. பக்கத்துல எங்கம்மா இறந்த நாளை எழுதுங்க. வேற யார் பேரும் எழுத வேண்டாம்."

"அப்புறம் யார்னு கேட்பாங்களேம்மா."

"லாக் எப்படியும் மேல போகும். நீங்க எழுதலைன்னா படிக்கிறவங்க கண்டுபிடிப்பாங்க."

நின்றபடியே யோசித்தார். பிறகு உட்கார்ந்து, இரண்டு தேதிகளையும் எழுதினார். பேட்டரி மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இரண்டு வரிகள் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அந்த அறையில் இருந்த மூவருக்கும் தெரியும். அம்மா இருந்திருந்தால் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு அவரைக் காப்பாற்றியிருப்பாள் என்றும் எனக்குத் தெரியும். அவளால் முடிந்தது என்னால் முடியவில்லை. அவளுடையதென்று மிச்சமிருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

வெளியே வந்தபோது மாமா வாசலில் வண்டியோடு நின்றார், எப்போதும்போல என்னை பஸ் நிலையத்தில் விட. ஏறவில்லை. கோபமில்லை. பின்னால் உட்கார்ந்து என்ன பேசுவது?

"நடந்தே போறேன் மாமா."

"வெயிலா இருக்கேம்மா" என்றார்.

அடுத்த மாதம் அவரைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வேலை போகவில்லை. அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பரிசோதனைக்கூடம் இப்போது அம்மாவின் கிளவுடில் ஓடுகிறது. லாக்கில் கருவியின் பெயர்தான் வருகிறது. பழைய வரிகளை யாரும் திருத்த முடியாது. பல வருடங்களாக, இரவும் பகலுமாக, ஆயிரக்கணக்கான வரிகளில் அம்மா அங்கே இருக்கிறாள். அவள் பெயர் வரும் கடைசி வரி மட்டும் அவள் செய்யாதது.