முகம் பாராமல் எழுத்து வாங்குகிறவள்

கத்திரிக்காய் வாங்கினால் அழுத்திப் பார்க்கலாம், பட்டுச்சேலை வாங்கினால் வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்கலாம். இணையத்தில் ஆள் பிடித்து எழுத்து வாங்குகிறவளுக்கு அந்த வசதியெல்லாம் கிடையாது.

காரைக்குடி செக்காலையில், ஒரு மருந்துக்கடை மாடியில் எனக்கு ஒற்றை அறை ஆபீஸ். பழம்பொருள் கடை, தங்கும் விடுதி, மசாலாக் கம்பெனி என்று பல பேருடைய வெப்சைட்டுக்கு எழுதிக் கொடுக்கிறோம். ‘றோம்’ என்பது ஒரு மரியாதைக்கு. ஆபீஸில் நான் ஒருத்திதான். எழுதுகிறவர்கள் ஆன்லைனில் கிடைத்த, நேரில் பார்த்தே இராத ஆட்கள். நீங்களும் இப்படி வேலை கொடுத்திருந்தால் என்னைப் போலவே சூடு பட்டிருப்பீர்கள். வாருங்கள், சேர்ந்து மருந்து தடவிக்கொள்வோம்.

ரொம்பத் தெரிந்த கட்டுரை

முதல் ஆள் தன் ஊர் கோயம்புத்தூர் என்றார். மாதிரிக்கு அனுப்பிய எழுத்து பளிச்சென்று இருந்தது. அது அவர் எழுதியதுதானா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பழம்பொருள் கடைக்காகப் பர்மாத் தேக்குத் தூண்கள் பற்றி ஒரு கட்டுரை கேட்டு, முழுப் பணத்தையும் முன்னாடியே போட்டுவிட்டேன். சொன்ன நாளுக்கு முந்தின நாளே கட்டுரை வந்தது. என்ன பொறுப்பான மனுசன் என்று பெருமையோடு கடைக்காரரிடம் கொண்டு போனேன்.

அவர் இரண்டு பத்தி படித்தார். எழுந்து போய் மேசை டிராயரிலிருந்து, தன் பழைய வெப்சைட்டிலிருந்து அச்செடுத்து வைத்திருந்த தாளைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார். வரிக்கு வரி ஒன்று. கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கடைக்காரர் சொன்னார்: “இது நான் எழுதுனது தாயி. ‘தேக்கு’ல ஒரு ‘க்’கை விட்டிருந்தேன், அதைக்கூட அந்த ஆளு மாத்தல பாருங்க.”

ருசி பார்க்க எவ்வளவு?

அதற்கப்புறம் எனக்கு ஞானம் வந்தது. கொஞ்சம் கூடுதலாகவே வந்துவிட்டது. வேலை கேட்டவர்களிடமெல்லாம், “சும்மா ஒரு ஆயிரம் வார்த்தை எழுதி அனுப்புங்க, பாப்போம்” என்றேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை. எல்லாம் ஏமாற்றுக்காரர்கள், நல்லவேளை தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன். அமராவதிபுதூரிலிருந்து செல்வி என்ற பெண் மட்டும் போனில் கூப்பிட்டாள். இதற்கு முன் மூன்று பேருக்கு இப்படி ‘சும்மா’ எழுதிக் கொடுத்தாளாம். மூன்றும் அவர்களுடைய வெப்சைட்டில் இருக்கிறது. இவளுக்குப் பத்துப் பைசா வரவில்லை. “நூத்தம்பது வார்த்தை எழுதுறேன், அதுக்கு மட்டும் காசு குடுங்க, பிடிச்சா மேக்கொண்டு பேசுவோம்” என்றாள். நான் இழுத்தேன். அவள் விடவில்லை: “பலகாரக் கடையில ருசி பாக்க முறுக்குல ஒரு துண்டு குடுப்பாக. ஒரு கிலோவையும் தின்னுபுட்டு யோசிச்சுச் சொல்றேன்னா விடுவாகளாக்கா?”

ரேகா

மசாலாக் கம்பெனிக்குச் சமையல் குறிப்பு எழுத ரேகா கிடைத்தார். பேச்சு முழுக்கச் செய்தியிலேயே, குரல் கேட்டதில்லை. ஆனால் எழுத்து! புளி கரைக்கும்போதே நமக்கு நாக்கு ஊறும். அதற்குள் நானும் பாதிப் பணம் முதலில், மீதி வேலை முடிந்ததும் என்று ஒழுங்குக்கு வந்திருந்தேன். பணம் போட அவர் அனுப்பிய கியூஆரை ஸ்கேன் செய்தால், திரையில் வந்த பெயர் சிக்கந்தர்.

கை நின்றுவிட்டது. வீட்டுக்காரரா? போன் திருடனா? “பேர் பொருந்தல, வீடியோவுல ஒரு நிமிசம் பேசிட்டுப் போடுறேன்” என்று செய்தி அனுப்பினேன். ஒரு மணி நேரம் சத்தமே இல்லை. போச்சு என்று நினைத்தபோது அழைப்பு வந்தது. திரையில் நரைத்த தாடியோடு ஒருவர். பின்னால் விருந்துக்குச் சமைக்கிற பெரிய பெரிய தேக்சாக்கள். “நான்தாம்மா ரேகா” என்றார் தலையைக் குனிந்தபடி. இளையான்குடிக்காரர், சவுதியில் பதினெட்டு வருசம் சமையல்காரராக இருந்தவர். எனக்குச் சந்தேகம் முழுசாகப் போகவில்லை. மீன்குழம்பில் உப்புக் கூடினால் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலில் என் வீட்டுக் குழம்புக்கே விமோசனம் இருந்தது. பணத்தை அப்போதே அனுப்பினேன். “சொந்தப் பேர்லயே எழுதியிருக்கலாமே பாய்?” என்றேன். “கேட்டுப் பாத்தேன்மா. பிரியாணி மட்டும் எழுதுறீகளான்னாக, ரேகான்னதும் ரசம், வத்தக்கொழம்பு எல்லாம் குடுக்குறாக” என்றார்.

பதிவுக் கட்டணம்

ஒரு நாள் மத்தியானம், கையில் பைலோடு ஒரு பெண் மாடியேறி வந்தாள். தேவகோட்டை, முத்துலட்சுமி. வேலைக்குச் சேர வந்திருப்பதாகச் சொன்னாள். போனை நீட்டினாள். அதில் என் கம்பெனிப் பெயர், என் போட்டோ. இரண்டாயிரம் ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டினால் வீட்டிலிருந்தே எழுத்து வேலை. கட்டிவிட்டாள், ஜாக்கெட் தைத்துச் சேர்த்த காசு. செய்தி வந்த நம்பர் என்னுடையது இல்லை. பணம் வந்ததும் அது பதில் சொல்வதை நிறுத்தியிருக்கிறது.

“படத்துல இருக்குறது உங்க மொகந்தானே?” என்று மெதுவாகக் கேட்டாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் தங்கை கல்யாணத்தில் எடுத்த படம் அது. நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தேன். இரண்டு பேரும் ஆட்டோ பிடித்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், செய்திகளையும் பணம் போன விவரத்தையும் காட்டிப் புகார் கொடுத்தோம். அந்தப் பணம் இன்றுவரை வரவில்லை.

திரும்பும்போதுதான் கேட்டேன், மோசடிக்காரன் கொடுக்காத விலாசம் இவளுக்கு எப்படிக் கிடைத்தது என்று. என் வெப்சைட்டின் அடியில் தேடி, மருந்துக்கடையில் விசாரித்து வந்தாளாம். இவ்வளவு துருவுகிறவளை விடலாமா? வேலை தருவதற்கு நாங்கள் யாரிடமும் காசு கேட்பதில்லை என்று ஒரு அறிவிப்பு எழுதித் தரச் சொன்னேன். ஆபீஸுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதினாள். நான் ஒரு சொல்லைக்கூடத் திருத்தவில்லை. அவள் எழுந்து கிளம்புவதற்குள் கூலியை அனுப்பினேன். வந்த தொகையைப் போனில் இரண்டு தரம் சரிபார்த்தாள். “எங்கிட்டக் காசு கேக்காம எனக்குக் குடுக்குற மொத ஆளு நீங்கதாக்கா, இதுக்கு ஏதும் லிங்க் அமுக்கணுமா?”

எழுதுகிறவரும் எழுதச் சொல்கிறவரும் ஒருவரையொருவர் திருடர் என்று தொடங்கி, மனுசர்தான் என்று முடிவுக்கு வருவதற்குள் ஆகிற செலவைத்தான் இந்தத் தொழிலில் முதலீடு என்கிறார்கள்.