கருவாட்டின் மேல் போட்ட பழி

றக்வான பஜாரில் முகம் வெளுக்கும் கிரீம் விற்ற முதலாளி சுத்த சைவம். அதைத் தினமும் நாலு பேர் காதில் போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கல்யாணம் நிச்சயமான எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்களெல்லாம் அவரிடம்தான் வாங்கினார்கள். என் தங்கையும் பூசினாள். தாலி ஏறுமுன்னே கால் வீங்கி ஆஸ்பத்திரியில் படுத்தாள். சிறுநீரில் பாதரசம் என்றார்கள்.

"கருவாட்ட அள்ளித் தின்னா வேற என்னங்க வரும்?" என்று முதலாளி மூக்கைச் சுளித்தார். லயமே நம்பியது. கருவாட்டை நிறுத்தினார்கள், கிரீமை நிறுத்தவில்லை.

தங்கையின் சிறுநீரிலும் கிரீம் டப்பாவிலும் மாதிரி எடுத்துப்போயிருந்த பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பெண் ஒருத்தி திரும்பி வந்து விளக்கினாள். பாதரச அணுக்களில் எடை கூடியதும் குறைந்ததுமாகப் பல வகை உண்டு, அவைதான் ஐசோடோப்புகள். கடலில் வெயில் பட்டு மீனுக்குள் போன பாதரசத்தில் அவற்றின் விகிதம் மாறியிருக்கும். தங்கையின் சிறுநீரில் இருந்தது மீனுடையதல்ல. கிரீம் டப்பாவில் இருந்ததோடு ஒத்துப்போனது.

கடைக்குப் போய்ச் சொன்னேன். "அப்படிங்களா," என்றார் முதலாளி. பக்கத்தில் அவரைப் போலவே கறுத்த மகள் நின்றிருந்தாள்.

"உங்க மகளுக்கு ஏன் இத பூசல?" என்று கேட்டேன்.

"கண்ட கண்றாவியெல்லாம் நம்ம பிள்ளைக்கு எதுக்குங்க?" என்றவர், அடுத்து வாங்க நின்ற லயத்துப் பெண்ணிடம் கிரீம் டப்பாவை நீட்டினார்.