சாம்பிள் ரூம்

புதுப் பெயிண்டின் வாசனைக்கு ஒரு டேனரியின் நாற்றத்தையே அடித்து விரட்டும் சக்தி உண்டு என்பதை நான் ஆறாம் வகுப்பில்தான் தெரிந்துகொண்டேன். ஆம்பூருக்குப் பக்கத்தில் எங்கள் அரசுப் பள்ளியின் மதிலுக்கு அந்தப் பக்கம் தோல் ஊறும் தொட்டிகள், இந்தப் பக்கம் நாங்கள். பிறந்ததிலிருந்தே அந்தக் காற்றைக் குடித்து வளர்ந்ததால், அது நாற்றம் என்கிற விஷயமே வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்த வாத்தியார்கள் மூக்கைப் பொத்திக்கொண்ட பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது ஒரே ஓர் அறையிலிருந்து மட்டும் வேறு வாசனை வந்தது. எட்டிப் பார்த்தால் நீலச் சுவர், மின்விசிறி, வார்னிஷ் காயாத பெஞ்சுகள், மேசை மேல் பூசணிக்காய் அளவில் ஓர் உலக உருண்டை.

தலைமையாசிரியர் கொடிக்கம்பத்தின் கீழ் நின்று, அரசாங்கம் நம் பள்ளிக்கு நிதி ஒதுக்கியிருக்கிறது, இனி ஏழை பணக்காரன் என்ற பேதமில்லாமல் நம் பிள்ளைகள் உலகப் பிள்ளைகளோடு போட்டி போடலாம் என்று முழங்கினார். உலகப் பிள்ளைகளோடு போட்டி என்றதும் நான் முன்னால் நின்றவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பக்கத்துத் தெருப் பிள்ளைகளோடு கோலி விளையாடித் தோற்று அழுதுகொண்டு வந்தவன் நான்.

அம்மா அப்போது ஷூ கம்பெனியில் ‘செக்கிங் டேபிளில்’ வேலை பார்த்தாள். தையல் பிசகிய இடத்திலும் தோல் சுருங்கிய இடத்திலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது அவள் வேலை. எதையும் ஒருமுறை கவிழ்த்துப் பார்க்காமல் நம்ப மாட்டாள். கத்தரிக்காயிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் அதே பார்வைதான். நான் ஓடிப்போய் நீல அறையைப் பற்றிச் சொன்னதும், “எத்தினி ரூமுக்கு பெயிண்ட் அடிச்சிக்கீறாங்க?” என்றாள்.

“ஒண்ணுக்குத்தாம்மா.”

“அப்ப அது கிளாஸ் ரூம் இல்லடா, சாம்பிள் ரூம். எங்க கம்பெனில ஷூ வாங்கற வெளிநாட்டு பாயர் வர்ற அன்னிக்கு அஞ்சு ஜோடி சாம்பிள் பண்ணுவாங்க பாரு, கண்ணுல ஒத்திக்கலாம். மேல இருக்கற ஜோடியப் பாத்து ஏமாறக் கூடாது. அடிப் பெட்டியத் தொறந்து பாக்கணும்.”

எங்கள் பள்ளியின் அடிப் பெட்டி, மைதானத்தின் கோடியில் இருந்த ஓட்டுக் கூரைக் ‘கொட்டாய்’. ஆறாம் வகுப்பின் இரண்டு பிரிவுகளும் அதற்குள்தான் முதுகோடு முதுகு ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பிரிவுக்குக் கணக்கு நடந்தால் மறு பிரிவுக்கும் சேர்த்தே நடக்கும். இதைச் சமத்துவம் என்று அன்றைக்கு யாரும் எங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

நீல அறையில் முப்பது பேருக்குத்தான் இடம். ஆள் எடுப்பதற்காக ஒருநாள் எங்களை வரிசையில் நிறுத்தி ஆங்கிலப் பாடம் படிக்கச் சொன்னார்கள். எனக்கு அப்போது ஆங்கிலத்தில் சுத்தமாகத் தெரிந்தது என் இனிஷியல் மட்டும்தான். ஆனால் வரிசையில் எனக்கு முன்னால் இருபது பேர் அதே பத்து வரிகளை உரக்கப் படித்துக்கொண்டு போனதால், என் முறை வருவதற்குள் காதில் விழுந்ததெல்லாம் மனப்பாடமாகிவிட்டது. வாயைத் திறந்தேன், ரயில் போல ஓடியது. படித்து முடித்த பிறகுதான் நான் புத்தகத்தில் திறந்து பிடித்திருந்தது வேறு பக்கம் என்று தெரிந்தது. வாத்தியார் அதைக் கவனிக்காமல் “சபாஷ்டா சேகர்” என்று என் பெயரை எழுதிக்கொண்டார்.

என் தோஸ்த் யூனுஸ் எழுதப்படவில்லை. வகுப்பிலேயே கெட்டிக்காரன் அவன்தான், ஆனால் ஆள் எடுத்த அன்று மேல்விஷாரத்தில் அவன் அக்கா கல்யாணத்தில் பிரியாணி தின்றுகொண்டிருந்தான். திரும்பி வந்து பார்த்தால் நான் மின்விசிறிக்குக் கீழே, அவன் ‘கொட்டாயில்’. “இன்னாடா, நீ எப்படிடா உள்ள?” என்று ஜன்னல் வழியாக அவன் கேட்டதில் பொறாமை துளியும் இல்லை, உண்மையான ஆச்சரியம்தான் இருந்தது. எனக்கும் அதே ஆச்சரியம்தான்.

அதன் பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. அரசாங்கத்திலிருந்து ஆட்கள் பார்வையிட வருவார்கள், அவர்கள் திருப்தியடைந்தால்தான் மற்ற அறைகளுக்கும் பணம் வரும் என்று பேசிக்கொண்டார்கள். அம்மாவோ தன் பங்குக்கு, “சாம்பிள்ல தையல் பிரிஞ்சா ஆர்டரே போய்டும்” என்று யாரைப் பற்றியோ சொல்லிவைத்தாள். பிரியப்போகிற தையல் நான்தான் என்று எனக்குத் தெரியும். ‘கொட்டாய்’ப் பிள்ளைகளின் பெஞ்சு, கரும்பலகை எல்லாம் என் ஒருவன் ஆங்கிலத்தில் தொங்குகின்றன! காய்ச்சல் வர வேண்டும் என்று அக்குளில் வெங்காயம் வைத்துக்கொண்டேன். காய்ச்சல் வரவில்லை, பெஞ்சில் பக்கத்துப் பையன்தான் தள்ளி உட்கார்ந்தான்.

அந்த நாள் வந்தது. சென்னையிலிருந்து வந்த அதிகாரி நல்ல மனிதர் போலத்தான் தெரிந்தார், அதனாலேயே அவர் மேல் எனக்குச் சந்தேகம். முப்பது முகங்களில் பயந்த முகத்தை எப்படித்தான் கண்டுபிடிப்பார்களோ, நேரே என்னிடம் வந்தார். உருண்டையைக் காட்டி, “தம்பி, உங்க ஊர் ஷூ எல்லாம் எந்த நாட்டுக்குப் போகுது? தொட்டுக் காட்டு பார்ப்போம்” என்றார்.

உருண்டையைச் சுற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு விரலை வைத்தேன். நின்றது.

“கடலுக்கா போகுது?” என்றார்.

அறை முழுக்கச் சிரித்தது. தலைமையாசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய கண்ணைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது. “எனக்குத் தெரியாது சார். யூனுசுக்குத் தெரியும் சார். அவங்கப்பா பேக்கிங்ல கீறாரு. அவன் கொட்டாய்ல கீறான் சார்!”

நட்பு, நியாயம், சமத்துவம் எதுவும் அந்த நேரத்தில் என் மண்டையில் இல்லை. பந்து நம் மேல் விழாமல் அடுத்தவன் மேல் விழட்டும் என்ற பயம்தான் பேசியது. இன்றைக்கும் யூனுஸ் சென்னையிலிருந்து வரும்போதெல்லாம், பார்க்கிறவர்களிடம் “எனக்காக சீட்டையே விட்டுக் கொடுத்த தோஸ்த்” என்று என்னை அறிமுகப்படுத்துகிறான். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

அதிகாரி மைதானத்தைத் தாண்டி ‘கொட்டாய்’ வரைக்கும் நடந்தே போனார். தரையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து ராகம் போட்டு வணக்கம் சொன்னார்கள். யூனுசை அழைத்துவந்து உருண்டை முன் நிறுத்தினார். அட்டைப் பெட்டிகளில் அவன் அப்பா நாட்டுப் பெயர் ஒட்டுவதைப் பார்த்தே வளர்ந்தவன். ஜெர்மனி, இத்தாலி, இங்கிலாந்து என்று அக்கம்பக்கத்து வீடுகளைக் காட்டுவதுபோல் தொட்டுக் காட்டினான். “இந்தப் பையன் ஏன் அங்கே இருக்கான்?” என்று அதிகாரி கேட்டார். “செலக்‌ஷன் அன்னிக்கு லீவு சார்” என்றார் தலைமையாசிரியர். அதிகாரி நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார்.

‘கொட்டாய்’க்கு விடிவுகாலம் வந்துவிட்டது என்று ஊரே பேசியது. பத்து நாளில் உத்தரவும் வந்தது. யூனுஸ் நீல அறைக்குப் போனான். பெஞ்சு முப்பது பேருக்குத்தான் என்பதால் நான் ‘கொட்டாய்க்கு’ வந்தேன். அவ்வளவுதான்.

பையைத் தூக்கிக்கொண்டு நான் வீட்டுக்குப் போய் அழுதபோது அம்மா பையை வாங்கி ஆணியில் மாட்டினாள். “ஒரு பீஸ மாத்திட்டாங்க. மொத்த லாட்டும் அப்படியே கீது” என்றாள்.

அந்த லாட்டில்தான் நான் பத்தாவது வரை படித்தேன். மழை பெய்தால் ஒழுகாத இடத்தைத் தேடி எல்லோரும் ஒரு மூலைக்கு ஒதுங்குவோம்; ஓட்டு இடுக்கில் விழுந்த அந்த வெயில் வெளிச்சமும் ஈர மண் தரையும் கூட்டுக் கணக்கும் இன்று இல்லை. ‘கொட்டாய்’ இருந்த இடத்தில் இப்போது இலவச சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. மதிலுக்கு அப்பால் டேனரியும் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவும் போய்விட்டாள். நான் அவளுடைய கம்பெனியிலேயே தரம் பார்க்கும் சூப்பர்வைசராக இருக்கிறேன். என் மகள் அதே பள்ளியில் ஏழாவது படிக்கிறாள்.

போன மாதம், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவன் என்ற முறையில் என்னைக் கையெழுத்துப் போடக் கூப்பிட்டார்கள். புதிய நிதியில் பெரிய திரை, ஏசி, இணையம் எல்லாம் வந்திருக்கின்றன. ‘அனைத்து மாணவர்களும் பயனடைந்தனர்’ என்று தீர்மானம் எழுதித் தயாராக இருந்தது.

“எத்தனை ரூமுக்கு மேடம்?” என்றேன்.

“இப்போதைக்கு ஒண்ணு சார். அடுத்த கட்டத்துல மத்ததுக்கும் வரும்” என்றார் தலைமையாசிரியை. “நல்லா படிக்கிற பிள்ளைங்களா உட்கார வைக்கிறோம். லிஸ்ட்ல உங்க பொண்ணும் இருக்கா சார்.”

பேனாவை வாங்கி மூடியைத் திறந்தேன், திரும்ப மூடினேன். பாத்ரூம் எங்கே என்று கேட்டு எழுந்து போய்விட்டேன். ஐந்து நிமிஷம் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவுவதுபோல் நின்றேன். நல்லா படிக்கிறவள்தானே, நியாயமாக வந்த இடம்தானே, பேசாமல் போடுடா என்று ஒரு குரல். பிறகு உள்ளே வந்து, ‘எல்லாப் பிரிவும் முறை வைத்து உட்கார வேண்டும், பார்வையாளர் வரும் நாளிலும்’ என்று தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்து எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றேன். “தாராளமா சார்” என்றார் அவர். அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், “இன்னிக்கு சி செக்‌ஷன் முறை. போதுமா?” என்றாள்.

“அவங்க உள்ள உட்கார்ந்திருந்ததை நீ பார்த்தியா?”

“ஏசி ரூம்பா. கதவ மூடித்தான் வெப்பாங்க.”

அடுத்த வாரம் சி பிரிவின் முறை வந்த நாளில், கம்பெனியில் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டுப் போய், ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு எட்டிப் பார்த்தேன். திரையில் ஏதோ ஒரு கோள் சுற்றிக்கொண்டிருந்தது. என் மகள் அங்கே இல்லை, சி பிரிவுதான். கடைசி பெஞ்சில்கூட இடமில்லாமல் நெருக்கி உட்கார்ந்திருந்தவர்கள் கோளை விட்டுவிட்டு மொத்தமாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஆசிரியை கதவைத் திறந்து, “யார் சார், இன்னா வேணும்?” என்றார்.

“பொண்ணுக்கு டிபன் பாக்ஸ் கொண்டாந்தேன்” என்றேன், வெறுங்கையை நீட்டி.