தண்ணீரைப் பிடித்த சாயம்

ஊறுகாய்க் கடையில் யாரோ வினிகர் பாட்டிலைத் திறக்கிறார்கள். சுருக்கென்று மூக்கில் ஏறுகிறது புளிப்பு. உடனே அக்கா வந்துவிடுகிறார். வேலை முடிந்து வரும் அக்காவின் முந்தானையில் எப்போதும் இருந்த வாசம் அது. சாயம் ஏற்றிய துணியில் மிஞ்சும் காரத்தைச் சமன்செய்ய ஊற்றுகிற அசிட்டிக் ஆசிட். அதிலேயே நிறையத் தண்ணீர் கலந்தால் வினிகர். என்ன சோப்புப் போட்டும் கையைவிட்டுப் போகாது. "கொழம்புக்குப் புளியே வேண்டாம், நான் கைய உட்டாப் போதும்" என்று சிரிப்பார்.

அக்கா பிறந்தது வீரபாண்டிக்குத் தெற்கே, மழையை மட்டும் நம்பிய காட்டில். அப்பா சோளம் விதைப்பார். வானம் ஒரு வருடம் கொடுக்கும், மறு வருடம் மறக்கும். எங்கள் உறவில் வேதியியல் படித்த முதல் பெண் அக்காதான். படிப்பு முடிந்ததும் ஒரு சாயப்பட்டறையின் லேபில் சேர்ந்தார். திருமணமாகி மூன்றாம் வருடமே மாமா சாலை விபத்தில் போய்விட்டார். குழந்தை இல்லை. பட்டறைக்குப் பக்கத்திலேயே ராயபுரத்தில் மாடி அறை ஒன்றுக்கு வந்த அக்கா, கடைசிவரை அங்கேயே தனியாக இருந்தார்.

ஒருமுறை அவரைப் பார்க்க லேபுக்குப் போயிருந்தேன். துணி அலசிய தண்ணீர் பீக்கரில் நீலமாக நின்றது.

"இந்தச் சாயத்துக்குத் துணியும் ஒண்ணு, தண்ணியும் ஒண்ணு கண்ணு. உப்பும் சோடாவும் போட்டு நாமதான் துணிப்பக்கம் தள்ளி உடறோம். அப்பவும் கொஞ்சம் தண்ணியப் புடிச்சுக்கும். புடிச்சா அவ்வளவுதான், அப்பறம் துணியில நிக்காது."

"நெறம் போயிருமாக்கா?"

"நெறத்துக்கு என்ன கொறச்சல்? புடிச்சுக்கறதுக்குக் கைதான் இல்ல."

சொல்லிவிட்டு அடுத்த பீக்கரை எடுத்தார். ராயபுரத்துப் படிகளில் ஏறும்போதெல்லாம் எனக்கு அந்த நீலம் நினைவுக்கு வரும்.

என் கல்யாணத்தில் பெண்ணுக்குக் கூறைச்சேலை தேர்ந்தெடுத்தது அக்காதான். கடையின் டியூப்லைட்டில் சேலையும் ரவிக்கைத் துணியும் ஒரே அரக்கு. அக்கா இரண்டையும் தூக்கிக்கொண்டு தெருவுக்கே போய்விட்டார். வெயிலில் ஒன்று அரக்கு, ஒன்று பழுப்பு. வெளிச்சம் மாறினால் குணம் மாறும் சாயங்கள் உண்டு.

"ஏனுங்க அம்மணி, கல்யாணத்த வெயில்லயா வெக்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

"மண்டபத்துல ஒரு நாளுங்க. மிச்ச நாளெல்லாம் வெயில்லதானுங்க."

அந்தச் சேலையைக் கூடையில் வைத்துக்கொண்டு, மணமகன் பக்கத்தில் உடன்பிறந்தவள் நிற்பது எங்கள் இணைச்சீர். முகூர்த்தத்துக்கு முன் பெரியம்மா வந்து அம்மாவிடம் மெல்லச் சொன்னார்: "அம்மிணி, தப்பா நெனச்சுக்காதே. நல்ல காரியம். இணைச்சீருக்கு எம்புள்ள நிக்கட்டும்." அம்மா தலையாட்டினார். கேட்டுக்கொண்டிருந்த அக்கா, "அதுக்கென்னங்க பெரியம்மா, நான் பந்தியப் பாத்துக்கறேன்" என்று போய்விட்டார். அதன்பின் எந்த வீட்டுக் கல்யாணத்திலும் அக்காவைத் தேடினால் பந்தியில்தான் இருப்பார்.

பின்னாளில் சாயத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் நிலையத்துக்கு மாறினார். கழிவிலிருந்து தண்ணீரைப் பிரித்து, மிஞ்சியதைக் காய்ச்சி, உப்பை மீட்டு மறுபடி பட்டறைக்கே அனுப்புகிற வேலை. அதை உற்சாகமாகப் பேசுவார். எங்கள் வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்றால் மட்டும் பேச்சை மாற்றுவார். பொங்கலுக்கு வருவார், சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவார்.

என் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. இணைச்சீருக்கு என் மகள் நிற்பாள். கூடையை அவள் கையில் எடுத்துக்கொடுக்க மேடைக்கு வரவேண்டும் என்று அக்காவிடம் கேட்டேன்.

"வேண்டாங் கண்ணு. ஊர் பேசும்."

"பேசட்டும்க்கா."

"எனக்குப் பந்தியில வேல கெடக்கு."

நான் கேட்டேன், மனைவி கேட்டாள், மகள் அழுதுகூடப் பார்த்தாள். அக்கா பிடிகொடுக்கவில்லை. அதற்குள் அவருக்கு இதயம் பழுதாகிவிட்டது.

மூச்சுத் திணறிய காலையில் அக்காவைக் கைத்தாங்கலாக இறக்கி ஆட்டோவில் ஏற்றியவர்கள், கீழ்வீட்டில் குடியிருக்கும் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பத்தினர். "எங்க மைனி மாதிரில்லா" என்று அண்ணி முறை சொல்லி அந்த அம்மா மருத்துவமனை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்து நின்ற வடநாட்டுத் தம்பிகள், கூட வேலைபார்த்தவர்கள், மருத்துவர்கள், செவிலியர்கள், இன்று இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் நீங்கள் என எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அக்காவுக்குத் தெரிந்ததைவிட அதிகம் பேர் அக்காவுக்கு இருந்திருக்கிறீர்கள்.

கடைசியாகப் பார்த்த அன்று, பார்வை நேரம் முடிந்து நான் எழுந்தேன். அக்கா என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"செரி, வர்றேன் கண்ணு. மேடையில எந்தப் பக்கம் நிக்கோணும்னு மட்டும் சொல்லிக் குடு."