நான் அழித்த கை

மூன்று வருடங்களுக்கு முன், டெக்சாஸில் ஃபிரிஸ்கோவில் நடந்தது இது. என் மகளின் ஸ்கூலில் 'என் ஊர்' என்ற தலைப்பில் குழந்தைகளின் ஓவியக் கண்காட்சி. படங்களை வாங்கி மாட்டும் பொறுப்பு வாலண்டியரான எனக்கு.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மகளின் ப்ராஜெக்ட் எதுவானாலும் பாதி என் கைவேலைதான். எரிமலை, சூரிய மண்டலம் எல்லாம் நான் 'ஃபினிஷிங்' கொடுத்தவை. நம் வீடுகளில் இது சகஜம்தானே என்று கூச்சப்பட்டதே இல்லை.

அவள் வகுப்பில் புதிதாக ஒரு சிறுமி சேர்ந்திருந்தாள். சண்டையில் இரண்டாகப் பிரிந்துபோன ஏதோ ஒரு நகரத்திலிருந்து அம்மாவோடு வந்தவள். அம்மா ஓவியர். ஊரைப் பிரிக்கும் சுவரிலேயே படம் வரைந்தவராம். ஒரு ஞாயிறு மதியம் அந்தச் சிறுமி எங்கள் வீட்டில் உட்கார்ந்து வரைந்தாள். அப்பா வீடியோ காலில் பார்க்கப் போகிறார், பத்திரம் என்று சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

தாள் முழுக்கச் சாம்பல் நிறச் சுவர். மரமில்லை, சூரியனில்லை. சுவருக்கு மேலே பென்சிலில் ஏதோ கிறுக்கல். எங்கோ இருக்கும் அப்பா இதையா பார்க்க வேண்டும் என்று எனக்கு மனசு கேட்கவில்லை. ரப்பரால் கிறுக்கலைச் சுத்தமாக அழித்துவிட்டு, சுவர் முழுக்கக் காகிதப்பூக் கொடியைப் படரவிட்டேன்.

"அம்மா, ஸ்டாப்! தட்ஸ் நாட் யுவர்ஸ்" என்றாள் மகள்.

"சும்மா இருடி. கொஞ்சம் டச்-அப் பண்ணா அவளுக்குத்தான் நல்லது."

கண்காட்சியன்று அந்தச் சிறுமியும் அவள் அம்மாவும் வந்தார்கள். ஃபோனில் அப்பா. சிறுமி படத்தின் அருகே போய், சுவரின் மேல்விளிம்பை விரலால் தடவித் தேடினாள்.

"வேர் இஸ் டாடீஸ் ஹேண்ட்?"

அவள் அம்மாதான் விளக்கினார். கணவருக்கு வீடு சுவருக்கு அந்தப் பக்கம். கடந்து வர அனுமதி கிடையாது. இவர்கள் அங்கே இருந்தவரை, தினமும் சாயங்காலம் மாடியேறி நின்று கையசைப்பாராம். இந்தப் பக்கமிருந்து பார்த்தால் கை மட்டும் தெரியுமாம். நான்தான் அழித்தேன் என்று தட்டுத்தடுமாறிச் சொல்லி, குழந்தையிடம் பென்சிலை நீட்டினேன். வேண்டாமென்று தலையசைத்தாள்.

அதற்குள் ஃபோனில், இங்கிலீஷ் புரியாத அந்த மனிதர் தங்கள் மொழியில் உற்சாகமாக ஏதோ பேசினார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டு அம்மா சொன்னார்: சுவரில் மகளுக்கு இப்போது பூ தெரிகிறதே, என் கையைக்கூட வரையவில்லை, பழையதையெல்லாம் மறந்துவிட்டாள், அது போதும் என்கிறாராம்.

சிறுமி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு ஃபோனைப் பார்த்து, ஆமாம் என்று தலையாட்டினாள்.

என்னை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. தன்னை மகள் மறந்துவிட்டாள் என்று ஒரு தகப்பன் நம்பவும், அதற்கு அந்தக் குழந்தை தலையாட்டவும் நான் காரணமாகிவிட்டேனே என்பது இன்றும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.