மற்றக் கால்

என் தங்கை பேர்ணடெற் காலை ஆறு நாற்பதுக்குத் தான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்குள் நுழைவாள். வேலை தொடங்குவது ஏழு மணிக்குத்தான். அந்த இருபது நிமிடத்தில் தன் பகுதியிலுள்ள ஒன்பது முதியவர்களுக்கும் ஆளுக்கு இரண்டு துவாய் மடித்து, பெயர் ஒட்டிய தட்டில் வைப்பாள். ஒன்று உடம்பு துடைக்க, மற்றது கால் துடைக்க. காலுக்கு வேறு துவாய் வேண்டும் என்று அந்த இல்லத்தில் யாரும் சொல்லவில்லை. அவளாகச் செய்கிறாள்.

இல்லம் நகரத்தின் வடக்கு ஓரத்தில், மில்லிக்கன் பகுதியில், ஸ்டீல்ஸ் வீதிக்குக் கிட்ட இருக்கிறது. அங்கே முக்கால்வாசிப் பேர் சீனர்கள். ரூஜில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து நான்தான் அவளைக் காரில் கொண்டுபோய் விடுகிறேன். பாண் சுடும் பக்டறியில் இருபத்தாறு வருடம் வேலை செய்து ஓய்வு எடுத்த பிறகு, புதன்கிழமைகளில் நானும் அங்கே வீல்செயார் தள்ளிக் கொடுக்கிறேன். ஆகவே கீழே எழுதுவதில் பாதி நான் கண்ணால் கண்டது. மீதி அவள் காரில் வரும்போது சொன்னது. சம்பந்தப்பட்ட குடும்பத்திடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். அவள் பத்து. எங்கள் ஊரான ஊர்காவற்றுறையிலிருந்து இந்த நாட்டுக்கு வந்து பன்னிரண்டு வருடம் ஹோட்டல் அறைகளைத் துப்புரவு செய்தாள். முப்பத்தெட்டு வயதில் முதியோர் பராமரிப்புப் படிக்கப் போனாள். எழுத்துப் பரீட்சையில் ஒருமுறை தவறி, அடுத்த முறை எண்பத்தேழு புள்ளி எடுத்தாள். அந்தத் தாளைப் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

"அண்ணை, ஆக்கள் வந்தா வெக்கமாக் கிடக்கு. கழட்டுங்கோ" என்பாள். நான் கழற்றவில்லை.

அவள் பார்க்கும் ஒன்பது பேரில் ஒருவர் ஷென் அன்ரி. வயது எழுபத்திரண்டு. சீனாவில் நூல் ஆலையில் வேலை செய்தவர். பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லில் இருக்கும் மகள் லின் அவரை இங்கே கூப்பிட்டு எடுத்தார். நீரிழிவால் போன வருடம் மாசி மாதம் அவருடைய இடது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. அதன்பின் அந்தக் காலை அவர் ஒருவருக்கும் காட்டுவதில்லை. காலையில் கால் கழுவும்போது வலது கால்தான் முதலில் வரும். பேர்ணடெற் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, சீன மொழியில் "மற்றது" என்று சொன்ன பிறகுதான் இடது கால் போர்வைக்குள்ளிருந்து வெளியே வரும். அவள் காலுறையைக் கழற்றி, கழுவி, விரல் இடுக்குகளை ஒற்றித் துடைப்பாள்.

அவளுக்குத் தெரிந்த சீனச் சொற்கள் நாற்பத்தொன்று. கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள், நான் எண்ணிப் பார்த்தேன். "நீ சைனீஸ் கதைச்சா அதுகள் பயந்து பிளேன் ஏறிடுங்கள்" என்று நான் பகிடி பண்ணுவேன். "உங்கடை இங்கிலீஷுக்கே இன்னும் ஒருத்தரும் ஏறேல்லை, இருங்கோ" என்பாள்.

இந்த வருடம் ஒக்ரோபரில் ஷென் அன்ரியின் மகன் வெய்மின் சீனாவிலிருந்து இரண்டு கிழமை லீவில் வந்தார். ஷாண்டோங் மாகாணத்தில் ஒரு சிறிய நகரத்துப் பாடசாலையில் உப அதிபர். பத்துப் பன்னிரண்டு வருடங்களாக அங்கே அரசாங்கம் பழைய பண்பாட்டைப் பாடசாலைகளுக்குள் திரும்பக் கொண்டுவருகிறதாம். பிள்ளைகள் கன்பூசியஸின் வாசகங்களை மனப்பாடம் செய்கிறார்கள். பெற்றோரை மதிப்பது தனிப் பாடம். வெய்மினின் பாடசாலையில் வருடத்தில் ஒருநாள் எண்ணூறு பிள்ளைகள் மைதானத்தில் வரிசையாக முழங்காலில் நின்று தாய் தகப்பனின் கால்களைக் கழுவுவார்கள். அதை நடத்துவது அவர்தான். தன் தாயின் காலை அவர் ஒருநாளும் கழுவியதில்லை. சீன நாட்காட்டியில் முதியோருக்கு என்று உள்ள நாள் அந்த மாதம் இருபத்தொன்பதாம் திகதி வந்தது. அன்றைக்கு இல்லத்து மண்டபத்தில் தாயின் கால்களைக் கழுவி, பிடித்த வீடியோவைத் தன் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பினார்.

விரல்கள் போனது அவருக்குத் தெரியாது.

ஷென் அன்ரி பேர்ணடெற்றின் கையைப் பிடித்துக்கொண்டு, மகளை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டாராம்: "என் மகன் எண்ணூறு பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிறவன். பெற்ற தாயின் விரல் போனதே தெரியாமல் இதைப் படிப்பித்தேனே என்று தன்னைத்தானே நொந்துகொள்வான். அவன் பார்க்கக் கூடாது."

"நான் வாக்குக் குடுத்திட்டன், அண்ணை" என்றாள் பேர்ணடெற் அன்று காரில். "இப்ப என்ன செய்யிறது? வேண்டாமெண்டு தடுத்தா அந்த மகனுக்கு மனம் நோகும்."

பிஞ்ச் வீதிச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது திடீரென்று சிரித்தாள். "உங்கடை ஓட்டைச் சொக்ஸ் ஞாபகம் இருக்கே?"

ஒரு வருடம் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழக்கிழமை எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பாதர் கால் கழுவுகிற பன்னிரண்டு பேரில் என்னையும் இருத்தினார்கள். வலது சப்பாத்தை மட்டும் கழற்றினால் போதும் என்றார்கள். என் இடது காலுறையில் பெருவிரல் தெரிகிற ஓட்டை. ஒருவருக்கும் தெரியவில்லை.

"எங்கடை கோயிலிலை ஒரு கால்தான் கழுவுறது எண்டு சொல்லப் போறன். பொய் இல்லையே?"

"பொய் இல்லை" என்றேன்.

வெய்மின் அதைக் கேட்டு மகிழ்ந்து, எந்தக் கால், எவ்வளவு தண்ணீர் என்றெல்லாம் விசாரித்துக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப் போயிற்று.

இருபத்தொன்பதாம் திகதி புதன்கிழமை. இரண்டு மணிக்கு மண்டபத்தில் பதினொரு பேரைக் கொண்டுவந்து இருத்தினேன். ஷென் அன்ரி இடது காலில் காலுறையும் செருப்புமாக நடுவில் இருந்தார். லின் போனில் படம் பிடித்தார். வெய்மின் கோட் சூட்டோடு முழங்காலில் இருந்தார். அவர் கிண்ணத்தில் கொண்டுவந்த தண்ணீரில் ஆவி பறந்தது. பேர்ணடெற் முழங்கையை விட்டுப் பார்த்து, தலையை ஆட்டி, பச்சைத் தண்ணீர் கலந்தாள். அவர் வலது காலைக் கழுவி, மேலாகத் துடைத்துவிட்டு, துவாயை அவளிடம் கொடுத்தார். எழுந்து, போனைப் பார்த்துத் தன் மாணவர்களுக்குப் பேசத் தொடங்கினார்.

விரல் இடுக்குகள் ஈரமாக இருந்தன. பேர்ணடெற்றால் அப்படி விட முடியாது. குந்தியிருந்து ஒவ்வொரு இடுக்காக ஒற்றினாள். ஒற்றி முடித்ததும் வாய் தன்பாட்டில் சொன்னது: "மற்றது."

ஷென் அன்ரியின் இடது கால் செருப்பை விட்டுத் தன்பாட்டில் எழும்பி அவளுடைய மடியில் வந்து இருந்தது. அவளுடைய கை காலுறையை உருவிவிட்டது. மூன்று விநாடிகூட ஆகியிருக்காது.

வெய்மினின் பேச்சு பாதியில் நின்றது. லின் போனைத் தாழ்த்தினார். வெய்மின் தாயிடம் மெதுவாக ஏதோ கேட்டார். எப்போது என்று கேட்டாராம். "போன வருடம் மாசி. நீ வேலையாய் இருந்தாய்" என்றாராம் தாய். அவர் திரும்ப முழங்காலில் நின்று அந்தக் காலை இரண்டு கையாலும் ஏந்தினார். தழும்பைத் தொடலாமா என்று தெரியாமல் பேர்ணடெற்றைப் பார்த்தார். பேர்ணடெற் கிண்ணத்தைக் கீழே நகர்த்தி, அவருடைய கையைப் பிடித்து, இவ்வளவு மெதுவாக என்று காட்டினாள்.

ஷென் அன்ரி மகனைக் கோபிக்கவில்லை. பேர்ணடெற்றைத்தான் பார்க்க மறுத்தார். அடுத்த இரண்டு நாளும் காலையில் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

காரில் அவள் அழுதாள். "என்னை நம்பித்தானே சொன்னவ. நான் சபையிலை வைச்சுக் காட்டிக் குடுத்திட்டன்."

"வேணுமெண்டே செய்தனீ? ஒரு நாளைக்கு ஒருக்கா, கிழமைக்கு அஞ்சு நாள். நானூறு தரத்துக்கு மேலை அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறாய்."

"இதையும் எண்ணிட்டியளே!" என்று அழுகைக்குள் சிரித்தாள்.

மூன்றாம் நாள் ஏழு பத்துக்கு வெய்மின் அறை வாசலில் நின்றாராம். மனேஜரிடம் அனுமதி வாங்க இரண்டு நாள் எடுத்திருந்தது. சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார். போனைக் கோட்டோடு வெளியில் விட்டிருந்தார். கால் கழுவ எனக்கும் பழக்கிவிடுங்கள் என்று பேர்ணடெற்றைக் கேட்டார். ஊருக்குத் திரும்பும்வரை ஏழு காலைகள் வந்தார். அவளுக்கு லீவான இரண்டு நாளும் வேறு பராமரிப்பாளர் பக்கத்தில் நிற்க அவரே செய்தார்.

ஐந்தாம் நாள் காலை லின்னும் வந்திருந்தார். ஷென் அன்ரி அன்றைக்குத் தன் தகப்பனைப் பற்றிச் சொன்னாராம். தகப்பன் கிராமத்து வாத்தியார், வீட்டில் இருந்தவை எல்லாம் கன்பூசியஸ் புத்தகங்கள். ஷென் அன்ரிக்குப் பதின்மூன்று வயதானபோது அவை பழைய குப்பை என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் அவற்றை முற்றத்தில் போட்டு எரித்தார். தகப்பன் அன்று இரவும் தன் கோப்பையிலிருந்த முட்டையை எடுத்து மகளின் கோப்பையில் வைத்தாராம். அதுவரை பிள்ளைகளிடம்கூட அவர் இதைச் சொன்னதில்லை.

"அப்போது எரி என்று மேலிடம் சொன்னது. இப்போது கழுவு என்று மேலிடம் சொல்கிறது" என்று மகனைப் பார்த்துக் கேட்டாராம். "இந்த விடியலில் உன்னை யார் வரச் சொன்னது?"

"ஒருவரும் சொல்லவில்லை, அம்மா."

"அப்படியென்றால் கழுவு" என்றாராம்.

அந்த வீடியோவை வெய்மின் பாடசாலையில் காட்டவில்லை என்று லின் எனக்குச் சொன்னார். விரல் இடுக்கை எப்படித் துடைப்பது என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாராம்.

அவர் விமானம் ஏறிய மறுநாள் காலை, பேர்ணடெற் தட்டோடு ஷென் அன்ரியின் அறைக்குள் போனாள். தட்டை வைத்துவிட்டுக் கதவைச் சாத்தத் திரும்பியபோது, ஷென் அன்ரி வேண்டாம் என்று கையைக் காட்டினார். இடது கால் போர்வைக்கு வெளியே ஏற்கனவே நீட்டியிருந்தது. பேர்ணடெற் கதவை அப்படியே விட்டுவிட்டு வந்து குந்தி, கழுவி, ஒற்றித் துடைத்துவிட்டு, "மற்றது" என்றாள். வலது கால் வந்தது.